கல்விச் சுற்றுலாவுக்கு ரவாங் சாலை போதும்: தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர், சிலாங்கூர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது பேருந்தை ஒருமுறை வடக்கே திருப்புங்கள். இதுதான் நான் கேட்பது. பத்துமலையிலிருந்து செலாயாங் வழியாக ரவாங் போகும் பழைய சாலை நமக்கெல்லாம் தெரிந்த சாலை. அந்த ஒரே சாலையை ஒட்டி அருவி இருக்கிறது, வெந்நீர் ஊற்று இருக்கிறது, செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன, குகை இருக்கிறது. நெரிசல் இல்லாத நாளில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. காலையில் கிளம்பினால் பிற்பகலில் பிள்ளைகள் வீடு திரும்பிவிடலாம். தங்கும் செலவு இல்லை, நெடுஞ்சாலைக் கட்டணம் பெரிதாக இல்லை.

நான் இடைநிலைப்பள்ளியில் புவியியல் போதித்து ஓய்வு பெற்றவன். செலாயாங்கில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்கு வந்த பிள்ளைகளிடம், "நீங்கள் எங்கெல்லாம் சுற்றுலா போனீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். நீர்ச்சறுக்குப் பூங்கா, விலங்குத் தோட்டம், பேரங்காடி என்று பதில் வரும். அவற்றைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேண்டும். ஆனால் தாங்கள் பிறந்து வளரும் மண் எப்படி உண்டானது என்று பார்க்க ஒருநாள்கூட யாரும் அழைத்துப் போகவில்லையே என்று அப்போதெல்லாம் மனம் வருந்தும்.

"பத்துமலை தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியும்தான். 272 படி, 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை, 2018-இல் படிகளுக்கு அடித்த வண்ணம் எல்லாம் மனப்பாடம். மலை என்ன கல் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு மாணவன் மட்டும் ஒருநாள் எழுந்து, "சார், மலையும் சிமெண்டா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. சிமெண்டுக்கு மூலப்பொருளே சுண்ணாம்புக்கல்தானே. இதே சாலையின் மறுமுனையில் ரவாங்கில் சிமெண்டு ஆலை வந்ததற்கும் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதுதான் காரணம். பத்துமலையின் பக்கவாட்டில் வெட்டுப்பட்டது போன்ற பகுதிகளைப் பார்த்திருப்பீர்கள். 1980களின் தொடக்கம் வரை அங்கே கல் உடைத்தார்கள். அந்தப் பையனின் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

சரி, அந்த ஒரு நாள் பயணத்தை எப்படி அமைப்பது? இதில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம்மவர்கள் வழக்கமாக முதலில் பத்துமலையில் சாமி கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் அருவிக் குளியலுக்குப் போவார்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு அந்த வரிசை வேண்டாம். கோலாலம்பூர் வட்டாரத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், மேலே மலையில் மழை பிடித்திருக்கும், சில நிமிடங்களில் அந்தத் தண்ணீர் மொத்தமும் ஓடைக்குள் இறங்கும். கெப்பாலா ஆயர் என்று நாம் பத்திரிகையில் படிப்பது இதைத்தான். ஆகவே அருவி காலையில், பத்துமலை கடைசியில். மாதமும் முக்கியம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே மழை அதிகம். ஆண்டு இறுதித் தேர்வு முடிந்ததும் சுற்றுலா என்ற பழக்கம் பல பள்ளிகளில் சரியாக அந்த மழைக்காலத்தில் போய் விழுகிறது. ஜூன், ஜூலை நல்லது. நேரம் கிடைக்காது என்ற காரணமும் முன்போல் இல்லை. ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் ரத்தாகிவிட்டதே.

முதல் நிறுத்தம் கஞ்சிங். வனத்துறையின் பராமரிப்பில் உள்ள பூங்கா இது. ஏழு தட்டாக இறங்கும் நீர்வீழ்ச்சி. முதல் சில தட்டுகள் வரை படிக்கட்டும் நடைபாதையும் இருக்கின்றன. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவே போதும், மேலே ஏற்ற வேண்டாம். இங்கே பிள்ளைகளை ஒரு பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கல்லை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று புள்ளி புள்ளியாக, சில இடங்களில் மினுமினுப்பாக இருக்கும். கருங்கல், அதாவது கிரானைட். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மெல்ல ஆறியதால்தான் மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. மேலே மூடியிருந்த மண்ணும் பாறையும் மழையில் கரைந்து போன பிறகு வெளியே வந்து நிற்கிறது. கெந்திங் மலையும் இதே தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்தான் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

அந்தத் தண்ணீரில் ஒரு புட்டி பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

கஞ்சிங் காட்டில் ஒரு மரம் இருக்கிறது, கியாம் கஞ்சிங் என்று பெயர். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். இந்த ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிற அந்த மரத்தை, இதே மாநிலத்தில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? 2017 இறுதியில் திறந்த ரவாங் மாற்றுச்சாலை இந்தக் காட்டுப்பகுதியில் தூண்கள் மேல் ஏறிப் போகிறது. மிக உயரமான தூண் 58 மீட்டருக்கு மேல். பத்துமலை முருகன் சிலையைவிட உயரம். ஒரு சாலையை இவ்வளவு செலவு செய்து ஏன் தூக்கிக் கட்ட வேண்டும், தரையோடு போட்டிருந்தால் காட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நன்றாகவே விவாதிப்பார்கள்.

இனி, பெற்றோர் சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிச் சுற்றுலாவில் அருவியில் குளிக்க விடாதீர்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியர் என்ற கணக்கில் ஓடும் தண்ணீருக்குள் யாரையும் கண்காணிக்க முடியாது. பாறை வழுக்கும், பாறைக்கடியில் ஆழம் தெரியாது. குடும்பத்தோடு வரும்போது அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குளிக்கட்டும். பள்ளியோடு வரும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். அப்படிப் பார்க்கும்போதும் ஆசிரியர் ஒருவர் தண்ணீரிலேயே கண்ணாக இருக்க வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கூடினாலோ ஒரு நொடி தாமதிக்காமல் எல்லோரையும் கரையேற்றி மேட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பையை எடுக்கிறேன், செருப்பை எடுக்கிறேன் என்று யாரும் திரும்பக்கூடாது. இதைப் பேருந்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். வாழ்நாள் முழுக்க உதவும்.

காலில் புண் இருக்கிற பிள்ளையை ஈரத்தில் இறக்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல் நம் நாட்டு நீர்நிலைகளில் உள்ள ஆபத்துதான். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "அருவிக்குப் போயிருந்தோம்" என்று கிளினிக்கில் மறக்காமல் சொல்லும்படி பெற்றோருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அப்புறம், குரங்குகள். பிளாஸ்டிக் பையைக் கண்டால் அவை விடாது. நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் இறங்கக்கூடாது. பசியாறலைப் பேருந்திலேயோ பள்ளியிலேயோ முடித்துவிடுவது நல்லது.

கஞ்சிங்கிலிருந்து செலாயாங் நோக்கித் திரும்பி வரும்போது தெம்ப்ளர் பூங்காப் பக்கம் புக்கிட் தாக்குன் தெரியும். பச்சை மலைகளுக்கு நடுவே வெள்ளையும் சாம்பலுமாகச் செங்குத்தான சுவரோடு நிற்கும் குன்று. ஏற வேண்டியதில்லை, பேருந்தை ஓரம் கட்டப் பாதுகாப்பான இடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். காலையில் பார்த்த கருங்கல் மலை வட்டமாகச் சரிந்து இருந்தது, இது ஏன் சுவர்போல் நிற்கிறது என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, பதிலைப் பத்துமலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செலாயாங் வெந்நீர் ஊற்றில் அதிக நேரம் வேண்டாம். மூட்டுவலிக்காரர்களும் பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்களும் வாளியோடு வந்து காலை முக்கி உட்கார்ந்திருக்கும் இடம் அது. நாற்பது பிள்ளைகள் கூச்சலோடு நுழைந்தால் அவர்களுக்குத் தொல்லை. சிறு சிறு குழுவாகப் போய், ஆசிரியர் முதலில் சூட்டைச் சோதித்துவிட்டு, தண்ணீரை வாளியில் எடுத்து ஆறவைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். இங்கே சொல்ல வேண்டியது சுருக்கமானது, ஆனால் அருமையானது. தீபகற்பத்தில் எரிமலை கிடையாது. பிறகு தண்ணீரைக் காய்ச்சுவது யார்? மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் போனால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். கருங்கல்லில் இருக்கும் யுரேனியம், தோரியம் போன்றவை சிதைவதாலும் வெப்பம் உண்டாகிறது. சூடேறிய தண்ணீர் வேறொரு பிளவு வழியாக மேலே வருகிறது. காலையில் அருவியில் விழுந்ததும் மழைநீர்தான், இங்கே சூடாகி வருவதும் மழைநீர்தான். போன வழி வேறு, அவ்வளவுதான். செத்தாப்பாக்கில் ஆயர் பானாஸ் என்ற பேட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியிருக்காது.

இப்போது பத்துமலை. இங்கேதான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கும்பிடுவதற்கு மட்டும் இல்லாமல், பார்ப்பதற்கும்.

இந்தச் சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி ஆண்டுப் பழமை. அன்று இந்த இடம் கடல். கடல் உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. அதற்கு வெகுகாலம் கழித்துக் கருங்கல் குழம்பு கீழேயிருந்து புகுந்தபோது, அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் சுண்ணாம்புக்கல்லின் பெரும்பகுதி சலவைக்கல் தன்மைக்கு மாறியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மழைநீர் லேசான அமிலமாகிறது. கருங்கல்லை அது எளிதில் ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடும். விரிசல் வழியாக இறங்கிக் கரைத்துக் கரைத்து, அறைகளையும் கூரைத் துளைகளையும் உண்டாக்கிவிட்டது. மேலே கோயில் குகையில் வானம் தெரிகிறதே, கூரை அப்படித்தான் திறந்துகொண்டது. தாக்குன் சுவர்போல் நிற்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. விரிசலோடு விரிசலாகக் கரைந்து பெரிய துண்டுகள் பெயர்ந்து விழ விழ, மிச்சம் செங்குத்தாக நிற்கிறது.

கஞ்சிங்கில் பிடித்த புட்டியை இப்போது எடுங்கள். குகைக்கூரையிலிருந்து சொட்டும் நீரை ஒரு சின்ன மூடியில் பிடித்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றில் இந்தப் பக்கம் அருவி நீர் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் குகை நீர் ஒரு சொட்டு வைத்து வெயிலில் காயவிடுங்கள். காய்ந்ததும் குகைச் சொட்டு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். அருவிச் சொட்டின் தடம் அநேகமாகக் கண்ணுக்கே படாது. அந்த வெள்ளை வளையம்தான் மலையின் ஒரு துளி. அதே வெள்ளை, கூரையிலிருந்து சொட்டச் சொட்ட ஒட்டிக்கொண்டு தொங்கும் கல்விழுதுகளாகிறது. ஒரு விழுது விரல் நீளம் வளர எத்தனையோ தலைமுறை ஆகும் என்பதால், அவற்றைத் தொடவும் உடைக்கவும் கூடாது என்று நீங்கள் அதட்ட வேண்டிய அவசியமே வராது. தட்டைப் பார்த்த பிள்ளை தானே கையை இழுத்துக்கொள்ளும்.

படிக்கட்டின் ஓரத்தில் இருண்ட குகைக்குப் போகும் வழி இருக்கிறது. 2019-இலிருந்து அது பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. உள்ளே போக முடியாவிட்டாலும் வாசலுக்கு அருகே நின்று சொல்லலாம். மிக அரிய ஒரு சிலந்தி அங்கே வாழ்கிறது. சுவரில் பொந்து அமைத்து, அதற்கு மூடியும் போட்டு, வெளியே நூலிழைகளைப் பரப்பிவிட்டு உள்ளே காத்திருக்கும். பூச்சி இழையைத் தட்டியதும் மூடியைத் திறந்து பிடிக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதாக மாறாத சிலந்தி வம்சம். வௌவால்களும் அங்கே குடியிருக்கின்றன. பூந்தேன் குடிக்கும் வௌவால்கள் இரவில் வெகுதூரம் பறந்து டுரியான் பூவிலும் பெத்தாய் பூவிலும் மகரந்தம் சேர்க்கின்றன. அந்தக் குகை வௌவால் இல்லையென்றால் டுரியான் காய்ப்பே குறைந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். வௌவாலைக் கண்டு முகம் சுளித்த பிள்ளையும் திரும்பிப் பார்க்கும். தீபகற்ப மலேசியாவின் நிலப்பரப்பில் சுண்ணாம்புக் குன்றுகள் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அவற்றில் 1,200-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழ்கின்றன. அந்தக் குன்றை உடைத்துக் கல்லாக விற்றால் அந்த இனம் உலகத்திலிருந்தே போய்விடும்.

வரலாற்றுப் பாடமும் இந்தச் சாலையில்தான் கிடக்கிறது. பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட கே. தம்புசாமிப் பிள்ளையைக் கோயில் நிறுவனராக மட்டும்தான் நம் பிள்ளைகள் அறிகிறார்கள். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1894-இல், சுரங்க முதலாளி லோக் யூவும் இதே தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து ரவாங் ஈய (வெள்ளீய) சுரங்கத்தில் மின்னாக்கி இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். இந்த நாட்டின் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ஈயம் ஏன் இங்கே? கருங்கல்லோடு வந்த ஈயத் தாது மழையில் அரிபட்டு, பள்ளத்தாக்கில் வண்டலோடு படிந்து, அடியில் கரடுமுரடாகக் கிடந்த சுண்ணாம்புக்கல் குழிகளில் தங்கிவிட்டது. அந்த ஈயத்தைத் தேடி வந்தவர்களால்தான் கோலாலம்பூர் என்ற ஊரே எழுந்தது. கஞ்சிங்கும் 19-ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்க ஊர்தான். அருவி, மலை, ஈயம், நகரம், கோயில் எல்லாம் ஒரே கதை. பாடநூலில் அறிவியல், வரலாறு, தமிழ் என்று தனித்தனியாகப் பிரிந்து கிடக்கிறது. மலை, அருவி, குகை, முருகன் என்று குறிஞ்சி நிலத்தைப் பற்றி தமிழாசிரியர் சொல்லித்தரும்போது, கண்ணால் பார்த்த ஒரு குறிஞ்சி பிள்ளைகள் மனதில் இருக்க வேண்டாமா?

நகரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அவர்கள் நடக்கும் தெருக்களின் அடியிலும் பல இடங்களில் இதே சுண்ணாம்புக்கல் இருக்கிறது, இதே குழிகளோடும் பொந்துகளோடும். இரட்டைக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியபோது, முதலில் குறித்த இடத்தில் ஒரு பாதி அடியில் சுண்ணாம்புக்கல் சரிவாக இறங்கிப் போவது தெரிந்து, கட்டடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி அமைத்தார்கள். அப்படியும் அடித்தளம் நூறு மீட்டருக்கு மேல் ஆழத்துக்குப் போக வேண்டியிருந்தது. பொறியியல் படிக்க வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். பொறியாளர் முதலில் கேட்கும் கேள்வி அடியில் என்ன கல் என்பதுதான் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

செலவு பற்றியும் பேசிவிடுகிறேன். பிள்ளைக்கு நூறு ரிங்கிட்டுக்கு மேல் கேட்கும் சுற்றுலாக்களில் பெயர் கொடுக்காமல் ஒதுங்கும் பிள்ளைகள் யார் என்று உங்களுக்கே தெரியும். சுற்றுலா முடிந்த மறுநாள் வகுப்பில் அவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சாலைச் சுற்றுலாவில் பெரும்பகுதிச் செலவு பேருந்து வாடகைதான். அதைச் சங்கம் ஏற்றுக்கொண்டால் எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணமே போதும்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த செயலவைக் கூட்டத்தில் இதை நிரலில் சேருங்கள். அறிவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் இல்லாமல் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். எந்தெந்த இடம் திறந்திருக்கிறது, கழிப்பறை எப்படி இருக்கிறது, பேருந்து எங்கே நிற்கலாம், எந்தத் தட்டு வரை போவது என்று அவர்கள் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். கல்வி இலாகாவுக்கு அனுமதி எழுதும்போது நீரில் இறங்கும் நடவடிக்கை இல்லை என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். புறப்படும் நாளில் வானிலைத் துறை இடிமழை எச்சரிக்கை விட்டிருந்தால் அருவியை அன்று விட்டுவிட்டு, வெந்நீர் ஊற்றோடும் பத்துமலையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கூட வந்து விளக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்னைப்போல் பலர் இந்த வட்டாரத்தில் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், பணம் வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
செலாயாங்